போரை எதிர்த்தவர் தலையில் விழுந்த போர்: ஜோன் கேர்ட்டின்

இரண்டாம் உலகப் போரின் தலைவர்கள் என்றதும் சேர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் ஆகியோரே நம் நினைவுக்கு வருகின்றனர். என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அவுஸ்திரேலியாவின் போர்க்காலப் பிரதமர் ஜோன் கேர்ட்டின். இளமையில் போருக்கு எதிராக மேடை மேடையாகப் பேசியவர், பின்னாளில் ஒரு நாட்டின் போரையே சுமக்க நேர்ந்தது.

1885 ஜனவரி 8ஆம் திகதி விக்டோரியா மாநிலத்தின் கிரெஸ்விக் என்னும் சுரங்க ஊரில், அயர்லாந்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தார். வறுமை காரணமாகப் பள்ளிப் படிப்பு சிறுவயதிலேயே நின்றது. கிடைத்த வேலைகளைச் செய்தார். மரத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானார். முதலாம் உலகப் போரின்போது கட்டாய இராணுவ சேவையைக் கடுமையாக எதிர்த்தார். 1916இல் அழைப்பாணைக்குப் பணிய மறுத்துச் சில நாட்கள் சிறையிலும் இருந்தார்.

அக்காலத்தில் மதுப்பழக்கம் அவரை வாட்டியது. 1917இல் பேர்த் நகருக்குச் சென்று தொழிலாளர் பத்திரிகையொன்றின் ஆசிரியரானது அவருக்குப் புதுவாழ்வாக அமைந்தது. 1928இல் பிரிமான்டில் தொகுதியில் வென்றார், 1931இல் தோற்றார், 1934இல் மீண்டும் வென்றார். அடுத்த ஆண்டு தொழிற் கட்சியின் தலைமைக்கு ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் தெரிவானார். குடியை விடுவதாகக் கொடுத்த வாக்குறுதியின் பேரிலேயே அந்த ஆதரவு கிடைத்தது.

1941 ஒக்டோபர் 7ஆம் திகதி பிரதமரானார். இரண்டு மாதங்களில் ஜப்பான் போரில் இறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள், தமது நாடு இனி அமெரிக்காவையே நம்பியிருக்கிறது என்று பகிரங்கமாக எழுதினார். பிரித்தானியாவைத் தாய்நாடாகக் கருதிய மக்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. நான்கு நாட்களில் டார்வின் நகர் மீது குண்டுகள் விழுந்தன. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இழப்பின் உண்மையான அளவை அவரது அரசு மக்களுக்குச் சொல்லவில்லை. அது அவருக்குப் பெருமை தரும் செயலல்ல.

மத்திய கிழக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியப் படைகளைப் பர்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார் சேர்ச்சில். கேர்ட்டின் மறுத்தார். அவரது சம்மதத்தைப் பெறாமலே கப்பல்கள் ரங்கூன் பக்கம் திருப்பப்பட்டதை அறிந்தும் அசையவில்லை. ஈற்றில் கப்பல்கள் எரிபொருள் நிரப்பக் கொழும்புக்கு வந்து, பின் நாடு திரும்பின. மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கே இறங்கியிருந்தால் அந்தப் படைகளின் கதி என்னவாகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அப்படித் திரும்பிய 7ஆவது டிவிசனின் வீரர்களே பின்னர் நியூகினியின் கொக்கோடா மலைப்பாதையில் போரிட்டனர்.

இக்கதையில் நமது தீவுக்கும் பங்குண்டு. திரும்பிக்கொண்டிருந்த வேறு இரண்டு பிரிகேட்டுகளை இலங்கையின் பாதுகாப்புக்காகச் சில மாதங்கள் விட்டுவைக்க கேர்ட்டின் இணங்கினார். 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது அந்த வீரர்கள் இங்கேதான் இருந்தனர்.

படைகள் போதிய பாதுகாப்பின்றிக் கடலில் வந்துகொண்டிருந்த நாட்களில், கன்பராவிலுள்ள பிரதமர் இல்ல வளவில் இரவிரவாக நடந்து திரிந்தாராம் கேர்ட்டின். எனக்கு அவரை நெருக்கமாக்கியது இந்தச் செய்திதான்.

1943இல் தமது பழைய கொள்கைக்கே மாறாக, தென்மேற்குப் பசுபிக்கில் ஒரு எல்லைவரை கட்டாய சேவைக்கான சட்டத்தைக் கொண்டுவந்தார். கட்சித் தோழர்களே சீறினர். ஆனால் அவ்வாண்டுத் தேர்தலில் 74 ஆசனங்களில் 49ஐ மக்கள் அவரது கட்சிக்கு அளித்தனர். வெள்ளையருக்கே அவுஸ்திரேலியா என்ற கொள்கையை அவரும் ஆதரித்தவர் என்பதை இங்கே மறைக்கக்கூடாது. அவரது தொழிலாளர் பரிவு நிறத்தின் எல்லையில் நின்றுவிட்டது.

1944 நவம்பரில் மாரடைப்பு வந்தது. 1945 ஜூலை 5ஆம் திகதி, பதவியிலிருக்கும்போதே, 60 வயதில் காலமானார். ஆறு வாரங்களுக்குள் ஜப்பான் சரணடைந்தது. பேர்த்திலுள்ள கரகாட்டா மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

கேர்ட்டின் பிழையற்ற மனிதரல்லர். ஆயினும் பிறர் பெற்ற பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உறங்கிய தலைவர்களைப் பற்றி நிறையவே கேள்விப்பட்டிருக்கிறோம். உறக்கத்தைத் தொலைத்த ஒருவரையும் நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.