ரிச்சர்ட் ஹென்றி (பறவைக் காப்பாளர்)

ரிச்சர்ட் ட்ரீசி ஹென்றி (ஜூன் 4, 1845 - நவம்பர் 13, 1929) நியூசிலாந்தில் வாழ்ந்த இயற்கையியலாளரும் பறவைக் காப்பாளரும் ஆவார். காக்காப்போ, கிவி ஆகிய பறக்க இயலாத காட்டுப் பறவைகளை, அவற்றைக் கொல்லும் விலங்குகள் இல்லாத தீவுக்கு இடமாற்றிக் காக்கும் முயற்சியைப் பெருமளவில் மேற்கொண்ட முன்னோடியாக இவர் அறியப்படுகிறார். இவரது வாழ்நாளில் தோல்வியுற்ற இம்முறை, பின்னாளில் நியூசிலாந்தின் பறவைப் பாதுகாப்புப் பணிகளுக்கு அடிப்படையானது.

இளமைக்காலம்

ஹென்றி அயர்லாந்து நாட்டின் கில்டேர் மாவட்டத்தில் பிறந்தார். இவர் சிறுவனாக இருந்தபோது இவரது குடும்பம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. 1870களில் நியூசிலாந்துக்கு வந்தார். பின்னர் தெற்குத் தீவிலுள்ள தே அனாவ் ஏரிக்கரையில் தனியே வாழ்ந்தார். தச்சு வேலை, படகு கட்டுதல் போன்ற பல தொழில்களை அறிந்திருந்தார். முறையான அறிவியல் கல்வி பெறாதவர் எனினும், காட்டில் நேரில் கண்டவற்றைக் கொண்டு பறவைகளைப் பற்றிச் செய்தித்தாள்களில் எழுதி வந்தார்.

பறவைகளுக்கு நேர்ந்த இடர்

நியூசிலாந்தின் நிலப்பகுதியில் இயற்கையாக வாழ்ந்த பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. இதனால் அங்குள்ள பறவைகள் பல பறக்கும் ஆற்றலை இழந்து, தரையில் கூடு கட்டி வாழ்ந்தன. இரவில் இயங்கும் பெரிய கிளியினமான காக்காப்போ, இடர் நேரும்போது ஓடாமல் அசையாது நிற்கும் இயல்புடையது. கண்ணால் பார்த்து இரை தேடும் பறவைகளிடமிருந்து தப்ப இவ்வியல்பு உதவியது. ஆனால், மோப்பத்தால் இரை தேடும் விலங்குகளிடம் இது பயனற்றதாயிற்று.

மனிதருடன் வந்த எலிகள், நாய்கள், பூனைகள் ஆகியவற்றால் பறவைகள் ஏற்கெனவே குறைந்திருந்தன. ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்த முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலங்களை அழித்தபோது, அவற்றைக் கட்டுப்படுத்த 1880களில் பெரெட், ஸ்டோட், வீசல் எனப்படும் சிறிய ஊனுண்ணி விலங்குகள் விடப்பட்டன. இவை முயல்களோடு நில்லாமல் காட்டுப் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டன. இவ்வழிவை ஹென்றி தே அனாவ் பகுதியில் நேரில் கண்டார்.

ரெசல்யூசன் தீவு

தெற்குத் தீவின் தென்மேற்கில் உள்ள ஃபியோர்ட்லாந்துப் பகுதியில், டஸ்கி சவுண்ட் என்னும் கடற்கழியை ஒட்டி ரெசல்யூசன் தீவு அமைந்துள்ளது. ஏறத்தாழ 208 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவு 1891 ஆம் ஆண்டில் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. 1894 ஆம் ஆண்டில் ஹென்றி இதன் காப்பாளராக அமர்த்தப்பட்டார். அருகிலுள்ள சிறிய பிஜியன் தீவில் வீடு கட்டிக் குடியேறினார்.

வாய்க்கூடு பூட்டி மணி கட்டிய நாயின் துணையுடன், இவர் மழை மிகுந்த காடுகளில் பறவைகளைத் தேடிப் பிடித்தார். பின்னர் அவற்றைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டு சென்றார். இவ்வாறு 700க்கும் மேற்பட்ட காக்காப்போக்களும் கிவிகளும் இடமாற்றப்பட்டன.

காக்காப்போ ஆண்டுதோறும் இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதை ஹென்றி கவனித்தார். ஆண் பறவைகள் தரையில் குழி அமைத்து எழுப்பும் ஆழ்ந்த ஒலி, பெண் பறவைகளை அழைப்பதற்காகவே என்றும் கருதினார். பிற்கால ஆய்வுகள் இதனை உறுதி செய்தன. பறக்க இயலாத பறவைகளின் பழக்கங்களைப் பற்றி இவர் எழுதிய நூல் 1903 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

தோல்வி

1900 ஆம் ஆண்டில் ரெசல்யூசன் தீவில் வீசல் போன்ற விலங்கொன்று காணப்பட்டதாகச் செய்தி வந்தது. ஸ்டோட்டுகள் பெருநிலத்திலிருந்து நீந்தித் தீவை அடைந்திருந்தன. தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் நீர்ப்பரப்பு சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவானது. ஸ்டோட்டுகளுக்கு அத்தொலைவு தடையாக இருக்கவில்லை. ஹென்றி இடமாற்றிய காக்காப்போக்கள் அங்கு நிலைக்கவில்லை. எனினும், இவர் 1908 வரை டஸ்கி சவுண்டிலேயே பணியாற்றினார்.

இறுதிக்காலம்

1908 இல் வெலிங்டன் நகருக்கு வடக்கேயுள்ள கபிட்டி தீவின் காப்பாளராகச் சென்ற ஹென்றி, சில ஆண்டுகளில் ஓய்வு பெற்றார். முதுமையில் வடக்குத் தீவில் வாழ்ந்து, 1929 இல் ஆக்லாந்தில் காலமானார். இவரது இறுதிச் சடங்கில் உள்ளூர் அஞ்சல் அலுவலர் ஒருவர் மட்டுமே கலந்துகொண்டார்.

பிற்காலத் தாக்கம்

1975 ஆம் ஆண்டில் ஃபியோர்ட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஆண் காக்காப்போ ஒன்றுக்கு ரிச்சர்ட் ஹென்றி எனப் பெயரிடப்பட்டது. ஃபியோர்ட்லாந்து காக்காப்போக்களில் எஞ்சியதாக அறியப்பட்ட இறுதிப் பறவை இதுவே. பாதுகாப்பான தீவுகளுக்கு மாற்றப்பட்ட இப்பறவைக்கு 1998 இல் மூன்று குஞ்சுகள் பிறந்தன. இதனால் ஃபியோர்ட்லாந்து காக்காப்போக்களின் மரபுக்கூறுகள் அழியாமல் காக்கப்பட்டன. இப்பறவை 2010 டிசம்பரில் இறந்தது.

கொன்றுண்ணி விலங்குகள் அகற்றப்பட்ட தீவுகளில் வளர்க்கப்பட்டதால், 1995 இல் 51 ஆக இருந்த காக்காப்போக்களின் எண்ணிக்கை 2022 இல் 252 ஆக உயர்ந்தது. ஹென்றி பணியாற்றிய டஸ்கி சவுண்டிலுள்ள ஆங்கர் தீவும் இவற்றுள் ஒன்றாகும். ஸ்டோட்டுகள் அகற்றப்பட்டபின், 2005 இல் இத்தீவுக்குக் காக்காப்போக்கள் கொண்டுவரப்பட்டன.