அமிர்தா சேர்கில் அம்மையார்

ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில், 1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் அமிர்தா சேர்கில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங், பஞ்சாபில் சீக்கியப் பெருங்குடியில் தோன்றியவர். வடமொழியும் பாரசீகமும் கற்றவர். தாயார் ஹங்கேரி நாட்டு இசைவாணர். 1921இல் அக்குடும்பம் சிம்லாவில் குடியேறிற்று. மகளின் கைத்திறம் கண்ட பெற்றோர், 1929இல் அவரைப் பாரிசு மாநகருக்கு அழைத்துச் சென்று ஓவியம் பயிலச் செய்தனர். அவர் தீட்டிய ‘இளமங்கையர்’ என்னும் ஓவியத்தைப் பாராட்டி, 1933இல் அந்நகரின் பெருங்கலைக்கூடம் அவரை இணை உறுப்பினராக ஏற்றது. அப்பொழுது அவருக்கு அகவை 20.

பாரிசிலேயே தங்கியிருப்பின் பொருளும் புகழும் தாமே வந்தெய்தியிருக்கும். ஆயினும் அவர் உள்ளம் இந்தியாவையே நாடிற்று. 1934ஆம் ஆண்டின் இறுதியில் திரும்பி வந்த அவர், ஏழை எளியவரின் வாடிய முகங்களையே தம் ஓவியங்களுக்குப் பொருளாகக் கொண்டார். 1935இல் தீட்டிய ‘மூன்று பெண்கள்’ என்னும் ஓவியத்தைக் காண்மின்! அணியும் இல்லை, நகையும் இல்லை. மூவரும் நம்மை நோக்காமல், தமக்கு வரவிருப்பதை எண்ணி வாய்வாளாது அமர்ந்திருக்கின்றனர். பெண்ணை அழகுப் பாவையாக மட்டுமே தீட்டிவந்த ஓவியர் பலர்க்கு இஃது புதுமையாயிற்று. அவ்வாண்டிலேயே சிம்லாக் கலைச்சங்கம் அவர்தம் ஓவியங்களுட் சிலவற்றைத் தள்ளி, ஒன்றனுக்குப் பரிசு வழங்கியது. அம்மையார் அப்பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார். இருபத்திரண்டு வயதினர்க்கு இத்துணைத் துணிவு அரிதேயாம்.

1936இன் இறுதியில் தென்னகப் பயணம் மேற்கொண்டார். அஜந்தாக் குகை ஓவியங்களும், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களும் அவரை ஆட்கொண்டன. கன்னியாகுமரிக்கும் வந்தார், அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. மேனாட்டில் கற்ற உருவ அமைப்பும் அஜந்தாவின் வண்ணச் செறிவும் ஒன்றுபட, 1937இல் ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியச் சிற்றூரார்’ என்னும் மூன்று ஓவியங்கள் பிறந்தன. மேனாட்டு முறையை அவர் வெறுத்தாரல்லர். பழமையை அவ்வாறே படியெடுத்தாருமல்லர். பின்வந்த ஓவியர்க்கு அவர் காட்டிய வழி இதுவே.

வாழ்நாளில் அவர்தம் ஓவியங்களை விலை கொடுத்து வாங்கினோர் சிலரே. 1941ஆம் ஆண்டு திசம்பர் 5ஆம் நாள், லாகூரில், தம் 28ஆம் அகவையில் மறைந்தார். 1976இல் இந்திய அரசு அவர்தம் ஓவியங்களைத் தேசியக் கலைச்செல்வங்கள் என அறிவித்து, அவற்றை நாட்டைவிட்டு வெளியே விற்றலைத் தடுத்தது. 2023இல் ‘கதை சொல்பவர்’ என்னும் அவர்தம் ஓவியம் 61 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. ‘மூன்று பெண்களை’ இன்றும் தில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்திற் காணலாம்.