ராஜா ரவிவர்மாவும் வண்ணக் கல்லச்சும்

மாணவர்களே, ஹந்தானைத் தோட்டத்து லயன் வீடொன்றின் சாமித்தட்டை நினைத்துப் பாருங்கள். தாமரையில் நிற்கும் இலட்சுமி, வீணை மீட்டும் சரஸ்வதி. இத்தகைய படங்கள் வீட்டுச் சுவருக்கு வந்த கதையில் முதன்மையானவர் ரவிவர்மா.

இவர் 1848 ஏப்ரல் 29 ஆம் திகதி திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தார். எண்ணெய் வண்ண ஓவியத்தை முறையாகக் கற்பிக்க எவரும் முன்வராததால், அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைப் பார்த்தே பெரும்பகுதியைக் கற்றார். 1873 இல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றார். பரோடா, மைசூர் அரசர்கள் அவரை அழைத்து வரையச் செய்தனர்.

ஆனால் ஓர் ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்கும். அந்தச் சுவரும் அரண்மனைச் சுவர். அக்காலத்தில் கோயிலுக்குள்ளேகூடச் செல்ல அனுமதிக்கப்படாத மக்கள் அதை எங்கே பார்ப்பது? முன்னாள் திவான் மாதவராவ், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் பிரதிகள் எடுக்கலாம் என யோசனை கூறினார். ரவிவர்மாவோ 1894 இல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 46, புகழின் உச்சம்.

கல்லச்சு என்பது என்ன? மெழுகுத் துண்டால் தாளில் கோடிட்டு, மேலே நீர்வண்ணம் பூசிப் பாருங்கள். மெழுகுள்ள இடத்தில் வண்ணம் ஒட்டாது. எண்ணெயும் நீரும் சேராத இதே தன்மைதான் இங்கும் அடிப்படை. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டுவர். வரைந்த கோட்டில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும். தாள் மயிரிழை விலகினாலும் முகம் கலங்கிவிடும்.

இவ்விடத்தில் பலர் பிழை விடுவதுண்டு. கற்களில் வரைந்தவர் ரவிவர்மா அல்லர். மூல ஓவியம் அவருடையது. கல்வேலை ஜேர்மனியிலிருந்து வந்த தொழில்நுட்பவியலாளர்களுடையதும் அவர்களோடு பணியாற்றியவர்களுடையதும். முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு. ஊஞ்சலாடும் மோகினியும் அச்சாகிப் பரவினாள்.

படம் பரவியது, பணம் சேரவில்லை. 1896 இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிய பின்னர் அச்சகம் லோனாவலாவுக்கு அருகே மலவலிக்கு மாற்றப்பட்டது. கடன் பெருகியதால், அங்கு பணியாற்றிய ஜேர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷரிடமே அதனை விற்க நேர்ந்தது. அச்சகத்தில் துணைநின்ற தம்பி ராஜராஜவர்மா 1905 இல் காலமானார். 1906 ஒக்டோபர் 2 ஆம் திகதி ரவிவர்மாவும் மறைந்தார். அச்சகம் அதன் பின்னும் பல ஆண்டுகள் அவருடைய படங்களை அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தது.