அறம் உரைத்த வீரமாமுனிவர்

இத்தாலி நாட்டின் வடபகுதியில் காஸ்திகிலியோனே என்பது ஓர் ஊர். அவ்வூரில் 1680ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி பிறந்தார். தமிழுலகம் வீரமாமுனிவர் எனப் போற்றுவது இவரையே.

இவர் தோன்றுவதற்கு முன்னரே மேலைநாட்டுக் கலைஞர் கிறித்தவ அறங்களை மகளிர் உருவங்களாகச் செப்புத் தகடுகளிற் செதுக்கி, மை தடவித் தாளிற் பதித்து வந்தனர். விசுவாசம், நம்பிக்கை, அன்பு, விவேகம், நீதி, துணிவு, அடக்கம் என அவ்வறங்கள் ஏழு. 1530இல் லூக்காஸ் வான் லைடன் என்னும் ஒல்லாந்தக் கலைஞர் அவ்வேழையும் ஏழு படங்களாக அமைத்தார். இத்தகைய படங்களில் நீதியின் கையில் துலாக்கோல் இருக்கும். நம்பிக்கையின் அருகே நங்கூரம் இருக்கும். அன்பு குழந்தைகளை அணைத்திருக்கும். துணிவு தூணைப் பற்றி நிற்கும். இக்குறிகளை அறிந்தோர் கண்ட அளவிலேயே பொருளுணர்ந்தனர். அறியாதார்க்கோ அவை பேசாப் படங்களே.

இயேசு சபைத் துறவியாகிய பெஸ்கி 1711இல் தமிழகம் போந்தார். துணிவென்னும் அறத்தையே தம் பெயராக்கித் தைரியநாதர் என வழங்கப்பெற்றார். புலவர்பால் தமிழைப் பிழையறக் கற்றார். தாம் கொணர்ந்த அறங்களைத் தமிழர் உள்ளங் கொள்ளும் வகையில் உரைத்தார்.

1726இல் அவர் இயற்றிய தேம்பாவணி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் உடையது. அதன் தலைவர் சூசையப்பர். பொறுமையும் அடக்கமும் அன்பும் அவர் வாழ்வில் விளங்குகின்றன. யோசேப்பு என்னும் பெயரை வளன் என்றும், யோவான் என்பதைக் கருணையன் என்றும் பொருள் விளங்கத் தமிழாக்கினார் முனிவர். யூதேய நாட்டை வருணிக்கும்போதும் தமிழகத்து வயலும் நீர்வளமும் தோன்றப் பாடினார்.

சேத்தியாத்தோப்பு அமைந்துள்ள கடலூர் மாவட்டத்திலேயே, விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில், அவர் மரியன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அன்னையைத் தமிழ்ப்பெண்ணின் கோலத்தில் அமைத்துப் பெரியநாயகி எனப் பெயரிட்டார்.

கொடுத்ததோடு அவர் அமையவில்லை, கொள்ளவும் அறிந்திருந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து, தமிழர் அறத்தை மேலைநாட்டார் அறியச் செய்தார். சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் தந்து மொழிக்கும் அரண் செய்தார்.

1747இல் சேர நாட்டு அம்பலக்காட்டில் முனிவர் மறைந்தார். 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நாட்டப்பெற்றது. பிறர்க்கு நன்மை உரைக்க விழைவோர் முதலில் அவர்தம் மொழியை அன்போடு கற்றல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.