ஐடா ஸ்கடர் அம்மையார்

இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் ஐடா ஸ்கடர் பிறந்தார். அவர்தம் பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவினின்றும் போந்து தமிழ் மக்களிடையே மருத்துவத் தொண்டு புரிந்தவர்கள். ஆயினும் ஐடாவுக்கு அத்தொண்டில் நாட்டம் இல்லை. இளமையிற் கண்ட பஞ்சத்தின் கொடுமை அவர் உள்ளத்தை வாட்டியிருந்தது. அமெரிக்காவிற் கல்வி பயின்ற அவர், அங்கேயே வாழ விரும்பினார். 1890இல் அன்னையார் நோயுற்றமையால், சில காலம் உடனிருந்து மீளும் எண்ணத்துடன் திண்டிவனம் வந்தார்.

அங்கு ஓரிரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக அவர் இல்லத்தின் கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் வேறொரு குலத்து இந்து. மூவர் மனைவியரும் மகப்பேற்று வேதனையில் உயிருக்கு ஊசலாடிக் கொண்டிருந்தனர். மருத்துவராகிய தந்தையார் உடனே புறப்பட ஒருப்பட்டார். அயல் ஆடவர் பெண்களைத் தொடுதல் தகாது என்று மூவரும் மறுத்தனர். ஐடாவையே அழைத்தனர். அவரோ மருத்துவம் ஒரு சிறிதும் அறியாதவர், யாது செய்வார்? பொழுது புலர்ந்தபோது மூன்று பெண்களும் இறந்துபட்டனர் என்ற செய்தியே வந்தது.

அன்பு மட்டும் இருந்து அறிவு இல்லாவிடின் உயிரைக் காத்தல் இயலாது என்பதை அவ்விரவு அவருக்கு உணர்த்திற்று. 1895இல் பிலடெல்பியா நகரத்து மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1898இல் நியூயார்க்கு நகரத்துக் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளித்தது. எஞ்சிய ஓராண்டை முன்னைக் கல்லூரியிலேயே எளிதாக முடித்திருக்கலாம். ஆயினும், மிகுதியான பயிற்சி பெறும்பொருட்டு ஐடா புதிய கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார்.

1900இல் வேலூரை அடைந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். சிறு அறையொன்றில் தொடங்கிய தொண்டு, 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக வளர்ந்தது. மருத்துவர் அறுவை முடித்து அகல்வார். இரவெல்லாம் விழித்திருந்து நாடி பார்ப்பவள் செவிலியே. அக்காலத்தில் செவிலியர் பணியை இழிவென எண்ணிப் பெற்றோர் தம் பெண்களை அனுப்பத் தயங்கினர். இருப்பினும், 1909இல் வேலூரில் செவிலியர் பள்ளி தோன்றியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் பதினேழு மாணவியருடன் திறக்கப்பெற்றது. பெண்கள் தேறுவது அரிது என்று அதிகாரிகள் முன்னரே எச்சரித்திருந்தனர். முதலாண்டுத் தேர்வெழுதிய பதினால்வரும் தேறினர்!

இருபது ஆண்டுகளுக்குப்பின் பெரியதோர் இடர் நேர்ந்தது. மருத்துவராக விரும்புவோர் பட்டயம் பெற்றாற் போதாது, பல்கலைக்கழகப் பட்டமே பெறல் வேண்டும் என்று சென்னை மாகாண அரசு 1938ஆம் ஆண்டையொட்டி முடிவு செய்தது. பட்ட வகுப்பு நடத்தப் படுக்கைகள் பெருகவேண்டும், உயர்ந்த பட்டம் பெற்ற ஆசிரியர்கள் வேண்டும், பெரும்பொருள் வேண்டும். இயலாதேல் பள்ளியை மூடுவதன்றி வேறு வழியில்லை. அரசின் கட்டளை கடுமையானதே. நோயாளியின் பக்கம் நின்று நோக்கின் நேர்மையானதுமாம். எழுபது வயது கடந்த அம்மையார், 1941இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் வேலூரில் பட்ட வகுப்பு தொடங்கிற்று. பெண்களுக்கெனவே அமைத்த கல்லூரியில் 1947 முதல் ஆண்களும் சேர்ந்தனர்.

செவிலியரும் பின்தங்கவில்லை. 1946இல் வேலூரில் அவர்களுக்கெனப் பட்டப் படிப்பு ஏற்பட்டது. இந்திய நாட்டில் அதே ஆண்டில் அத்தகைய படிப்பு தொடங்கிய மற்றோரிடம் தில்லி. அப்போது சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் கொங்கு நாட்டுப் பெரியார் தி. சு. அவினாசிலிங்கம் ஆவார், கோவையில் 1957இல் மகளிர் கல்லூரி கண்டவரும் அவரே. பள்ளியிற் பட்டயம் பெற்றுப் பணியில் அமர்ந்த செவிலியர், மீண்டும் ஈராண்டு பயின்று பட்டம் பெறும் வழியும் பிற்காலத்தில் நாட்டில் ஏற்பட்டது. பட்டயத்துடன் பணிக்குச் செல்வதா, உடனே மேலும் பயில்வதா என்னும் கேள்வி இன்று ஒரு செவிலிப்பெண்ணுக்கு எழுமாயின், அவள்முன் இரு வழிகளும் திறந்தே உள்ளன. 1909இல் பயின்றவர்களுக்கு அவ்வாய்ப்பு இருந்ததில்லை.

1946இல் அம்மையார் பொறுப்பினின்றும் ஓய்வு பெற்றுக் கோடைக்கானலில் வாழ்ந்தார். 1960ஆம் ஆண்டு மேத் திங்களில், தம் எண்பத்தொன்பதாம் வயதில் அங்கேயே இயற்கை எய்தினார்.