உயிர்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ்

தமிழில் மா, கன்னடத்தில் மாவு, தெலுங்கில் மாமிடி, இந்தியில் ஆம். ஒரே மரத்துக்கு இத்தனை பெயர்கள்! ஆனால் எந்த நாட்டு விஞ்ஞானிக்கும் அது 'மாஞ்சிபெரா இண்டிகா'தான். இந்தப் பொதுப் பெயரை 1753ல் சூட்டியவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ்.

இவர் 1707 மே 23ல் ராஷுல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நீல்ஸ் தோட்டக் கலையில் பிரியமுள்ள பாதிரியார். குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை வைத்தே 'லின்னேயஸ்' என்ற பெயரை அவர் சூட்டிக் கொண்டார். மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. பையனுக்கோ செடி கொடிகளில்தான் நாட்டம். ரோத்மன் என்ற ஆசிரியர் எடுத்துச் சொன்ன பிறகே, மருத்துவம் படிக்கத் தந்தை இசைந்தார்.

அந்நாளில் ஒரு செடியின் பெயர் என்றால் லத்தீனில் ஒரு நீண்ட வர்ணனை. தக்காளியைக் குறிக்க, முள்ளில்லாத மென்தண்டும் பிளவுபட்ட சிறகு போன்ற இலைகளும் உடைய சொலானம் என்று எழுத வேண்டும். லின்னேயஸ் அதை 'சொலானம் லைகோபெர்சிகம்' என்று இரண்டே சொற்களில் அடக்கினார். முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். 1753ல் சுமார் 5,900 தாவரங்களுக்கும், 1758ல் விலங்குகளுக்கும் இம்முறையில் பெயரிட்டார்.

புதிய செடிகளைத் தேடி அவருடைய மாணவர்கள் கடல் கடந்தனர். லோஃப்லிங் 1756ல் வெனிசுலாவிலும், ஃபோர்ஸ்கல் 1763ல் ஏமனிலும் மாண்டனர். 1768ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக், 1785ல் இந்தியாவிலேயே காலமானார்.

லின்னேயஸின் முடிவுகள் எல்லாம் நிலைக்கவில்லை. மகரந்தத் தாள்களை எண்ணி அவர் தாவரங்களைப் பிரித்த முறை, உறவில்லாதவற்றை ஒன்று சேர்த்தது. மனிதர்களை நிறத்தால் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணம் கற்பித்தது பெரும் பிழை. இன்று மரபணுவைக் கொண்டு உறவு அறிகிறார்கள். ஆயினும் இரு சொற் பெயர் முறை மாறவில்லை.

1774ல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. 1776ல் மீண்டும் தாக்கியபோது நினைவு குன்றியது. தம் நூல்களையே படித்து வியப்பார். எழுதியவர் தாமே என்பது மட்டும் தெரியாது. 1778 ஜனவரி 10ல் உப்சாலாவில் காலமானார். உயிர்களுக்கெல்லாம் பெயர் தந்தவர் தம்மை மறந்தார். உலகம் அவரை மறக்கவில்லை.