நன்கொடைக்கு விலைபோகாத ஆசிரமம்

1915 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பியபோது காந்தியடிகளுக்கு வயது 45. கூட்டு வாழ்க்கை அவருக்குப் புதிதல்ல. ரஸ்கினின் நூல் தந்த உந்துதலில், 1904-இல் டர்பனுக்கு அருகே 100 ஏக்கர் நிலத்தில் ஃபீனிக்ஸ் குடியிருப்பை அவர் அமைத்தார். அங்கு அச்சகப் பணியாளர்களுக்கு நிறமோ நாடோ பாராமல் மாதம் 3 பவுன் என்று ஒரே ஊதியம் வகுக்கப்பட்டது. 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே நண்பர் காலன்பாக் வழங்கிய நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை உருவானது. சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே புகலிடம் பெற்றன.

இந்தியாவில் ஆசிரமம் நிறுவ அகமதாபாதை அவர் தேர்ந்தெடுத்ததில் பொருளியல் கணக்கும் இருந்தது. கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம் அது. அங்குள்ள செல்வந்தர்கள் பொருளுதவி செய்வார்கள் என்றும் எதிர்பார்த்தார். 1915 மே 25 அன்று, கோச்ரப் பகுதியில் வழக்குரைஞர் ஜீவன்லால் தேசாயின் பங்களாவில் ஆசிரமம் தொடங்கியது. தொடக்கத்தில் இருந்த சுமார் 25 பேரில் 13 பேர் தமிழர்கள். வாய்மை, அகிம்சை, உடைமை துறத்தல் ஆகியவற்றுடன் தீண்டாமை ஒழிப்பும் அங்கு நோன்பாகக் கொள்ளப்பட்டது.

சில மாதங்களிலேயே சோதனை வந்தது. தீண்டாமைக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்த ஆசிரியர் தூதாபாய், மனைவி தானிபென், குழந்தை லட்சுமி ஆகியோரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு அமிர்தலால் தக்கர் கடிதம் எழுதினார். விதிகளுக்கு உட்பட அவர்கள் இசைந்ததும் காந்தி வரவேற்றார். உடனே நன்கொடைகள் நின்றன. பொதுக் கிணற்றில் நீர் இறைத்தவர் தீட்டுப்படும் என்று வசைபாடினார். கஸ்தூரிபா உள்ளிட்ட ஆசிரமப் பெண்களுக்கும் இது எளிதில் ஏற்புடையதாக இல்லை.

அடுத்த மாதச் செலவுக்குக் கையில் பணமில்லை என்று ஆசிரமக் கணக்கைக் கவனித்த மகன்லால் காந்தி தெரிவித்தார். செல்வந்தர்களின் மனத்தை மாற்றக் காந்தி தூது அனுப்பவில்லை. ஒதுக்கப்பட்டோரின் குடியிருப்புக்கே இடம்பெயர்ந்து, உடலுழைப்பில் கிடைப்பதைக் கொண்டு வாழ்வது என்று தீர்மானித்தார். அந்த நெருக்கடியில் ஆலை அதிபர் ஒருவர் காரில் வந்து, 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சென்றார். அவர் அம்பாலால் சாராபாய் என்பது பின்னர் தெரியவந்தது.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் இத்துடன் முடித்துவிடுவர். அதன் முழுப்பொருள் 1918-இல்தான் விளங்குகிறது. அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கோரிப் போராடியபோது, அதிபர்கள் தரப்பில் முன்னின்றவர் அதே அம்பாலால். தொழிலாளர்கள் பக்கம் நின்று உண்ணாநோன்பு இருந்தவர் காந்தி. உதவி செய்தவர் கொள்கையில் பங்கு கேட்கவில்லை. உதவி பெற்றவர் கொள்கையைக் கடனுக்கு ஈடாக வைக்கவுமில்லை. இருவருக்கும் இடையே நட்பும் முறியவில்லை.

1917-இல் பிளேக் பரவியதால் ஆசிரமம் சபர்மதி ஆற்றங்கரைக்கு மாறியது. 1930 மார்ச் 12 அன்று 78 தொண்டர்களுடன் காந்தி தண்டிக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். தியானமும் வழிபாடும் நூற்பும் துப்புரவும் அந்தப் படைக்குப் பயிற்சியாக அமைந்தன. 1933-இல் ஆசிரமத்தை அவரே கலைத்தார். அதன் உடைமை ஹரிஜன சேவா சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு தலித் குடும்பத்தைச் சேர்த்ததால் வருவாயை இழந்த நிறுவனம், இறுதியில் தீண்டாமை ஒழிப்புப் பணிக்கே உரியதாயிற்று.

கல்வி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நன்கொடையாளரின் முகக்குறிப்பைப் பார்த்துத் தம் நோக்கங்களைத் திருத்திக்கொள்ளும் காலம் இது. பணமின்றி எந்த நிறுவனமும் நடவாது என்பதைக் காந்தி நன்கறிந்திருந்தார். ஆசிரமத்துக்கு நகரைத் தேர்ந்த விதமே அதற்குச் சான்று. ஆனால், பணம் நின்றால் எங்கே சென்று எப்படி வாழ்வது என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. அந்த விடை கைவசம் உள்ள நிறுவனமே கொடையாளரிடம் தலைநிமிர்ந்து பேச முடியும்.